காட்டாற்றுப் பாலத்தில் முதல் வருடம்: தொலைதூர சைட்டுக்குப் போகும் இளம் சிவில் பொறியாளருக்கு ஒரு வழிகாட்டி

பட்டம் வாங்கிய சில வாரங்களிலேயே என்னைக் கல்வராயன் மலைக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிமலையைத் தாண்டி, மலைச்சாலை ஒரு காட்டாற்றைக் கடக்கும் இடத்தில் சிறிய பாலம் ஒன்று கட்ட வேண்டும். கைப்பேசியில் பேச வேண்டுமென்றால் முக்கால் கிலோமீட்டர் மேடேறி ஒரு புளியமரத்தடியில் நிற்க வேண்டும். கம்பியும் சிமெண்டும் கள்ளக்குறிச்சியிலிருந்து லாரியில் ஏறி வர வேண்டும்.

நகரத்து சைட்டில் சந்தேகம் வந்தால் மூத்த பொறியாளர் அரை மணி நேரத்தில் வந்து பார்த்துவிடுவார். மலையில் நீங்கள் பார்ப்பதுதான் முதல் பார்வை, பெரும்பாலும் அதுவே கடைசிப் பார்வை. குழியில் கான்கிரீட் விழுந்த பிறகு அடியில் இருந்தது பாறையா மண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. சென்ட்ரிங் பலகை (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சு) மூடிய பிறகு கம்பியைக் கேட்டாலும் அது பேசாது. ஆகவே நான் கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை இரண்டே பழக்கங்களில் அடங்கும். மூடப்படுவதற்கு முன் உங்கள் கண்ணால் பாருங்கள். பார்த்ததை அன்றே எழுதுங்கள்.

1. கிளம்புவதற்கு முன்

வரைபடங்களின் கடைசித் திருத்தம் எது என்று அலுவலகத்தில் கேட்டு, அந்தத் திருத்த எண்ணைக் குறித்துக்கொண்டு, காகிதத்தில் அச்சிட்டு வாங்குங்கள். பழைய பிரதி ஒன்று சைட்டில் கிடந்தால் போன முதல் நாளே அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொதுக் குறிப்புகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். கான்கிரீட்டின் தரம், கவர் அளவு (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன்), கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நீளம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பையில் 5 மீட்டர் டேப், 30 மீட்டர் இரும்பு டேப், தலையில் மாட்டும் டார்ச், கெட்டி அட்டை நோட்டு, பென்சில். மழையில் பேனா மை ஓடிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியும் வேண்டும். வெயிலை அதில் பிடித்து ஆழமான கம்பிக் கூட்டுக்குள் திருப்பினால், டார்ச்சுக்கு எட்டாத அடிமூலை பளிச்சென்று தெரியும். சைட்டுக்குப் பக்கத்தில் பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் வண்டி யாரிடம் இருக்கும் என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. முதல் வாரம்: நடையும் மட்டமும்

முதல் இரண்டு நாள் ஓடையின் மேலும் கீழும் நடந்து பாருங்கள். கரையோர மரங்களில் சருகு சிக்கியிருக்கும் உயரத்தைக் கவனியுங்கள். ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். எங்கள் சைட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பாறையில் ஓர் இடத்தைத் தடியால் தட்டி, "தண்ணீர் இதுவரைக்கும் வந்தது ஐயா" என்றார். அந்த இடத்துக்கு மட்டம் எடுத்து, வரைபடத்தில் இருந்த உச்ச வெள்ள மட்டத்தோடு ஒப்பிட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஒத்துப்போனது என்ற செய்தியையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது உயர வித்தியாசத்தை அளக்கும் மட்டக் கருவி. மலைச்சாலையில் ஜீப்பில் குலுங்கி வந்த கருவியைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடியுங்கள். நட்டநடுவில் கருவியை வைத்து இரண்டு முளைகளுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை எடுங்கள். கருவியின் பார்வைக்கோடு சாய்ந்திருந்தாலும், இரண்டு பக்கமும் தூரம் சமம் என்பதால் பிழை ஒன்றையொன்று அழித்துவிடும். பிறகு கருவியை ஒரு முளைக்கு மிக அருகில் கொண்டுபோய் மீண்டும் எடுங்கள். வித்தியாசம் மாறினால் கருவியில் பிழை இருக்கிறது, சரிசெய்ய அனுப்புங்கள். அதுவரை பின்பார்வையும் (உயரம் தெரிந்த இடத்தை நோக்கியது) முன்பார்வையும் (அடுத்த இடத்தை நோக்கியது) சம தூரத்தில் வரும்படி வேலை செய்யுங்கள்.

1802-இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் பெரிய முக்கோண அளவை தொடங்கியது. சங்கிலி பிடித்து அளந்த அந்த முதல் கோட்டிலிருந்து ஒரு துணைக்கண்டத்தின் வரைபடமே வளர்ந்தது. நம் பாலத்துக்கு அப்படிப்பட்ட ஆதாரம் பெஞ்ச் மார்க், அதாவது உயரம் தெரிந்த நிலையான குறி. ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். லாரி ஏறாத, தண்ணீர் எட்டாத பாறைகளில் இன்னும் இரண்டை ஏற்படுத்துங்கள். ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து மட்டச் சுற்றை மூடுங்கள். பின்பார்வைகளின் கூட்டுத்தொகையிலிருந்து முன்பார்வைகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால், கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். இது கணக்குப் பிழையைப் பிடிக்கும். சுற்று மூடுகிறதா, அதாவது ஆரம்பித்த மட்டமே திரும்ப வருகிறதா என்பதுதான் அளவுப் பிழையைப் பிடிக்கும்.

எங்கள் முதல் பெஞ்ச் மார்க் கல்லை ஒருநாள் டிப்பர் உரசிவிட்டது, யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை எடுத்த மட்டத்தில் 18 மி.மீ. வித்தியாசம். பாறையில் இருந்த மற்ற இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதால் குற்றவாளி எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு குறிதான் இருந்திருந்தால் பாலத்தின் ஒரு பக்கம் 18 மி.மீ. இறங்கியே நின்றிருக்கும்.

3. விடியற்காலை

ஆட்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே சைட்டில் இருங்கள். ஓடைத் தண்ணீர் நேற்றைவிட ஏறியிருக்கிறதா, குழியின் விளிம்பில் புது வெடிப்பு தெரிகிறதா, சாரத்தின் முட்டு அசைந்திருக்கிறதா என்று தனியாக ஒரு சுற்று பாருங்கள். பிறகு நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இன்று எது மூடப்படப்போகிறது? அந்தப் பதிலை ஒட்டித்தான் உங்கள் நாள் நகர வேண்டும்.

சிமெண்ட் கொட்டகையை எட்டிப் பாருங்கள். மூட்டைகள் தரையைத் தொடாமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி, பத்துக்கு மேல் அடுக்காமல் இருக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மலைப்பனி சிமெண்டைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். கையை உள்ளே விட்டுப் பிடித்தால் மாவுபோல் இருக்க வேண்டும், கட்டி தட்டக் கூடாது.

4. அஸ்திவாரக் குழி

இங்கேதான் நான் மிக அதிகம் கற்றுக்கொண்டேன். ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், அல்லது பலகை வைத்து முட்டுக்கொடுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்க விடாதீர்கள். குறைந்தது ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்டட்டும். ஏணி இல்லாத குழியில் யாரையும் இறக்காதீர்கள். ஊற்றுத்தண்ணீரை இறைக்கும் பள்ளம் அஸ்திவாரப் பரப்புக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் மோட்டார் புதுக் கான்கிரீட்டின் சிமெண்டையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

எங்கள் வடக்குக் கரைச் சுவருக்கான குழி வரைபடத்தில் சொன்ன ஆழத்துக்கு வந்துவிட்டது. பார்க்கப் பாறையாகவே இருந்தது. அன்று மாலையே கான்கிரீட் போட வேண்டும் என்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார், குழியைப் பார்த்தேன், சரி என்று ஒப்புதல் தரும் படிவத்தையும் நீட்டினார். மேஸ்திரி அண்ணன் ஒன்றும் பேசாமல் கடப்பாரையோடு இறங்கினார். ஒரு மூலையில் ஓங்கிக் குத்தினார், கணீரென்றது, கை எகிறியது. இரண்டாவது மூலையிலும் கணீர், மூன்றாவதிலும் கணீர். நான்காவது மூலையில் டொக்கென்று அமுங்கிய சத்தம். கடப்பாரை முனை இரண்டு விரற்கடை உள்ளே போய் நின்றது. "தம்பி, பாறை என்றால் பாட வேண்டும்" என்றார்.

அது சிதைந்த பாறை. நிறம் பாறைபோலவே இருக்கும், கையால் நசுக்கினால் மணலாகும். படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. புளியமரத்துக்கு ஏறிப் போய் வடிவமைப்பாளரிடம் பேசினேன். அவர் சொன்னபடி அந்த மூலையை நல்ல பாறை வரும்வரை வெட்டினோம். 60 செ.மீ. போனது. பள்ளத்தை மண்ணால் அல்ல, எளிய கான்கிரீட்டால் மட்டத்துக்கு நிரப்பினோம். இரண்டு நாள் வேலை நின்றது. எனக்குக் கடுமையான பேச்சும் கிடைத்தது. கையெழுத்து என்பது நான் பார்த்தேன் என்பதற்கான சாட்சி. பார்க்காததற்கு அதைப் போட யாருக்கும் உரிமையில்லை, யார் கேட்டாலும் சரி. நான்கு மூலைகளிலும் மட்டக்கோலை நிறுத்திப் படம் எடுத்து, மட்டத்தை எழுதிய பிறகே மூட விடுங்கள்.

5. கம்பி

கம்பி வந்திறங்கியதும் எடையைச் சோதியுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ, 16-க்கு 1.58, 20-க்கு 2.47. ஒரு மீட்டர் துண்டை வெட்டித் தராசில் வைத்தால் உண்மை தெரியும்.

கட்டி முடித்த பிறகு எண்ணுங்கள். இடைவெளியை ஒன்றொன்றாக அளக்காமல், பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். இணைப்புகள் எல்லாம் ஒரே கோட்டில் வராமல் மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள். கட்டுக்கம்பியின் முனைகள் உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு பலகையைத் தொட்டால், துரு அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும். கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டையோ ஓட்டுச் சில்லையோ செருகியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் முந்தைய மாலை கண்ணாடியைப் பிடித்து அடிவரிசையை மறுபடி பாருங்கள். ஆட்கள் மேலே நடந்து நடந்து பிளாக்குகள் நசுங்கியிருக்கும். எங்கள் சைட்டில் அப்படி ஏழு பிளாக்குகள் நசுங்கிக் கிடந்தன.

6. கான்கிரீட் நாள்

தயாரிப்பு முந்தைய நாளே முடிய வேண்டும். டீசல், ஓடும் வைப்ரேட்டர்கள் (கலவையை அதிரவைத்து இறுக்கும் கருவி) இரண்டு, கூடுதலாக ஒரு நீடில் (கலவைக்குள் இறங்கும் ஊசி), தார்ப்பாய், விளக்குகள், தொட்டி நிறையத் தண்ணீர், தேவைக்கு மேல் பத்து சதவீதம் சிமெண்ட். நடுவில் நிற்க நேர்ந்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை வடிவமைப்பாளரிடம் முன்பே கேட்டு, சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். மழை கொட்டும்போது அந்த முடிவை எடுக்க முடியாது.

அன்று உங்கள் இடம் மிக்சருக்குப் பக்கம். தண்ணீர்தான் எல்லாம். கலவை விகிதத்தில் தண்ணீர்–சிமெண்ட் அளவு 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். ஆனால் முந்தைய இரவு மழையில் மணல் நனைந்திருந்தால்? நான் சமையல்காரரிடம் வாணலி வாங்கி வறுத்துப் பார்ப்பேன். 1,050 கிராம் ஈர மணல் வறுத்த பின் 1,000 கிராம் ஆனால் ஈரம் 5 சதவீதம். மூட்டைக்கு உலர்ந்த கணக்கில் 90 கிலோ மணல் விழுகிறது என்றால் அதிலேயே நாலரை லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. 18 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். கவனிக்காமல் 22.5 ஊற்றினால் உண்மையில் 27 லிட்டர் போகிறது, விகிதம் 0.54 ஆகிவிடுகிறது. மூட்டையும் ஜல்லியும் அதேதான், பாலம் மட்டும் பலவீனமாகிறது.

மிக்சர் ஓட்டுபவர் இரண்டு குவளை தண்ணீர் கூடுதலாக ஊற்றுவது கெட்ட எண்ணத்தால் அல்ல. இளகிய கலவை அள்ளுகிறவர்களின் முதுகுக்கு எளிது. திட்டுவதால் பயனில்லை. அளவுக் குறி போட்ட வாளியைக் கொடுத்து, இளக்கம் போதவில்லையென்றால் அனுமதிக்கப்பட்ட வேதிச்சேர்ப்பைச் சோதித்த அளவில் சேருங்கள். இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனையை முதல் கலவையிலும், பிறகு கலவையின் தோற்றம் மாறும்போதெல்லாமும் செய்யுங்கள்.

ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்ட விடாதீர்கள், ஜல்லி தனியே பிரியும். அடுக்கடுக்காகப் போடுங்கள். வைப்ரேட்டர் ஊசி நேராக இறங்கி, கீழ் அடுக்குக்குள் சற்றே நுழைந்து, குமிழி நின்ற பிறகு மெதுவாக மேலே வர வேண்டும். கலவையைத் தள்ளிக் கொண்டுபோக ஊசியைப் பயன்படுத்தக் கூடாது. சென்ட்ரிங் தச்சர் ஒருவரை முட்டுகளைப் பார்த்துக்கொள்ளவென்றே நிறுத்துங்கள். முட்டு முனகினால் அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

க்யூப் (வலிமையைச் சோதிக்கும் கான்கிரீட் கனசதுரம்) எடுக்கும் கணக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-இல் தெளிவாக இருக்கிறது. 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று, 31 முதல் 50 வரை நான்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் கூடுதலாக ஒன்று. ஒரு மாதிரிக்கு மூன்று க்யூப்கள். 28 கன மீட்டர் போட்டால் ஒன்பது. ஏழாம் நாள் சோதனைக்குத் தனியாக எடுக்க வேண்டும். எந்தக் கலவை எந்த இடத்தில் விழுந்தது என்பதையும் க்யூப் எண்ணோடு எழுதுங்கள். நன்றாக வந்த கலவையாகத் தேடிப் பிடித்து க்யூப் எடுப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஈரச் சாக்கில் சுற்றி, ஈர மணல் படுக்கையில் வைத்து அனுப்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் முட்டி மோதி முனை உடைந்த க்யூப் எதையும் சொல்லாது.

பிறகு க்யூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள், வெப்பமும் வறட்சியும் சேர்ந்த காலத்தில் முறையே 10-உம் 14-உம். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், சுவருக்கு ஈரச் சாக்கு. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும்தான் சாக்கு காயும் நாட்கள். அன்று யார் தண்ணீர் ஊற்றுவார் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். பலகையைப் பிரிக்கும் தேதியைப் பலகை மேலேயே பெயிண்டால் எழுதுங்கள். பக்கப் பலகைக்கு 16 முதல் 24 மணி நேரம் போதும். உத்திரத்தின் அடி முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். அடுத்த இடத்துக்கு முட்டுக்குழாய் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். தேதியைக் காட்டுங்கள்.

7. மனிதர்கள்

மேஸ்திரியிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள். அவர் தவறினால் ஆட்கள் முன் அல்ல, தனியாக அழைத்துச் சொல்லுங்கள். எங்கள் கம்பி கட்டுபவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். நூறு இந்திச் சொற்களும் எல்லோருடைய பெயர்களும் முதல் மாதத்திலேயே உங்கள் வாயில் இருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் "ஏய்" என்று கத்தினால் யாரும் திரும்பமாட்டார்கள், பெயர் சொல்லிக் கத்தினால் ஓடிவிடுவார்கள்.

குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை ஆகியவை யாரும் காட்டும் தயவு அல்ல, தொழிலாளர் சட்டம் தரும் உரிமை. துண்டு வேலைக்கு அளவெடுக்கும்போது ஆள் முன்னாலேயே டேப்பைப் பிடியுங்கள், எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவில் நேர்மை இருந்தால், தலைக்கவசம் போடச் சொல்லும்போதும் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

8. மாலை எழுத்து

கை கழுவியதும் டைரி. வானிலை, ஆட்கள் எண்ணிக்கை, இயந்திரங்கள், வந்த பொருட்கள், முடிந்த வேலையின் அளவு, வேலை நின்ற நேரமும் காரணமும், யார் வாய்மொழியாக என்ன சொன்னார்கள் என்பது. வாய்மொழி உத்தரவை அன்றிரவே எழுதி அனுப்பி உறுதி கேளுங்கள். முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டால் நினைவிலிருந்து எழுதுவீர்கள், நினைவு வரைபடத்தின் எண்ணைத்தான் திருப்பிச் சொல்லும். எடுக்காத மட்டத்தை எடுத்ததாக ஒருபோதும் எழுதாதீர்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பமிடுங்கள். அழிக்கக் கூடாது.

9. உடலும் உயிரும்

மேல்மலையில் மழை பெய்தால் சைட்டில் வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகு மிதந்து வந்தால், அந்தக் கணமே குழியிலிருந்து எல்லோரையும் ஏற்றிவிடுங்கள். மோட்டாரை எடுக்கவும் யாரும் இறங்கக் கூடாது.

காலணியை உதறிவிட்டுப் போடுங்கள், தரையில் படுக்காதீர்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கம்பிக் குவியலுக்கும் பலகை அடுக்குக்கும் அடியில் கையை விடும் முன் தடியால் தட்டுங்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தூக்கத்தில் நடந்துவிடும். கடித்தால் இறுக்கிக் கட்டவும் கூடாது, கீறவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் காத்திருக்காமல் இருக்கும் வண்டியிலேயே கிளம்பி, வழியில் அழையுங்கள். இதற்காகத்தான் இரவில் ஒரு வண்டி டீசலோடு சைட்டில் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

தனிமை இருக்கும், அதிலும் மழைக்காலத்தில் அதிகம். வீட்டுக்குப் பேச ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அதைத் தவறவிடாதீர்கள். நான் ஆறரை மணிக்குப் புளியமரத்துக்குப் போவேன், அம்மா அந்த நேரத்தில் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருப்பார்.

10. ஒப்படைக்கும் நாள்

மாற்றல் வந்தால் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். டைரி, மட்டப் புத்தகம், க்யூப் பதிவேடு, பிரிக்க வேண்டிய பலகைகளின் தேதிப் பட்டியல் எல்லாவற்றையும் பக்க எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வருகிறவரோடு மூன்று பெஞ்ச் மார்க்குகளுக்கும் நடந்து போய், கருவியை அவர் கையில் கொடுத்து, ஒரு சுற்று மட்டம் எடுத்து மூடச் சொல்லுங்கள். சுற்று மூடியதும் ஜீப்பில் ஏறலாம்.